கடன் தீராத படகை விற்கலாமா? கைமாறும் முன் கரையில் தீர்க்க வேண்டிய கணக்குகள்

புதுதில்லி:

தலைநகரின் புசா ரோட்டிலிருந்து ராமேசுவரம் கடல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆயினும், அந்தக் கடலில் மிதக்கும் விசைப்படகுகளின் கடன் கதையைப் புரிந்துகொள்ள இந்தச் சாலையில் ஒருமுறை நடந்து வருவது பயனுள்ளது.

மெட்ரோ ரயில் தலைக்கு மேல் ஓடும் இச்சாலையின் ஒருபுறம் கரோல் பாக். மறுமுனையில் ராஜேந்திர பிளேஸ். இடையே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. கரோல் பாக்கின் உட்தெருக்களில் பழைய இருசக்கர வாகனங்கள் நாள்தோறும் கைமாறுகின்றன. ராஜேந்திர பிளேஸில் நிற்கிறது நபார்டு வங்கியின் புதுதில்லி அலுவலகக் கட்டடம். வேளாண்மைக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் கடன் தரும் வங்கிகளுக்கு மறுநிதி அளிப்பது இந்த வங்கி. 2018-19-ம் ஆண்டில் ரூ.7,522.48 கோடியில் தொடங்கப்பட்ட மீன்வளக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதியத்தில் கடன் வழங்கும் முதன்மை நிறுவனங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். கரோல் பாக்கில் சில ஆயிரம் ரூபாய்க் கடன் பாக்கியுள்ள ஒரு ஸ்கூட்டரை விற்பதற்கு நாடாளுமன்றம் வகுத்த தெளிவான வழி உண்டு. பல லட்சம் ரூபாய்க் கடனுடன் கரையில் நிற்கும் ஒரு விசைப்படகை விற்பவருக்கோ சட்டங்கள் பல இருந்தும், பாதை அவ்வளவு தெளிவாக இல்லை. அந்த இடைவெளியை முத்திரைத்தாள் ஒப்பந்தமும் வாய்மொழி வாக்குறுதியும் நிரப்புகின்றன. விற்றவர், வாங்கியவர், ஜாமீன் போட்டவர் என மூவரும் அதில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உள்ளது.

ஸ்கூட்டருக்கு உள்ள காப்பு

கடனில் வாங்கிய மோட்டார் வாகனத்தின் பதிவுச் சான்றிலேயே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இடம்பெறுகிறது. அந்நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இன்றி உரிமையாளர் பெயரை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவு. கடன் தீர்ந்ததும் உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் படிவம் 35-ல் கையெழுத்திட்டால் அந்தப் பதிவு நீக்கப்படும். விற்றவர் அதே மாநிலத்திற்குள் 14 நாள்களிலும், வெளிமாநிலமாயின் 45 நாள்களிலும், வாங்கியவர் 30 நாள்களிலும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிடும் வழக்கம் ஒழியவில்லை. அதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் சுட்டிக்காட்டியது. அந்த வழக்கில் ஒரு கார் அடுத்தடுத்துப் பலர் கைக்கு மாறியிருந்தது. பதிவேடு மட்டும் மாறவில்லை. விபத்து நேர்ந்தபோது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

2025 நவம்பர் 10-ம் தேதி தில்லி செங்கோட்டை அருகே வெடித்துச் சிதறிய காரும் பலமுறை விற்கப்பட்டது. புலனாய்வு அமைப்புகள் முதலில் சென்று நின்றது பதிவேட்டில் இருந்த பழைய உரிமையாளரின் வீட்டு வாசலில்தான். பெயர் மாற்றம் வெறும் அலுவலகச் சடங்கு அல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் தேவையில்லை.

கடலில் பதிவேட்டின் எடை

தரையில் உள்ள இந்த நியதி கடலில் மேலும் கடுமையானது. தமிழக விசைப்படகுகள் 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மாநில மீன்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளன. மீன்பிடிக் கலங்களின் பதிவு மத்திய அரசின் வணிகக் கப்பல் சட்டத்திலும் இடம்பெற்றது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள், 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தியே இந்தியக் கரையை நெருங்கினர். அதன் பிறகு நாடு முழுவதும் ஒரே சீரான பதிவு முறை வலியுறுத்தப்பட்டு, 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையவழிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. ராமேசுவரம் படகுகளின் முகப்பில் காணப்படும் 'ஐஎன்டி - டிஎன் - 10 - எம்எம்' எனத் தொடங்கும் எண்கள் இந்தப் பதிவின் அடையாளமே.

டோக்கன் பெற்றுக் கடலுக்குச் செல்வது, வரிவிலக்கு டீசல், நிவாரணம் என அனைத்தும் இந்தப் பதிவைச் சார்ந்தே நிற்கின்றன. 2025 நவம்பர் 4-ம் தேதி மத்திய அரசு வெளியிட்ட தனிப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளின்படி, அம்மண்டலத்தில் மீன்பிடிக்கும் விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் 'ரியல்கிராஃப்ட்' வழியாக அனுமதிச் சீட்டு பெற வேண்டும். பதிவேட்டில் ஒருவர் பெயர், படகில் மற்றொருவர் என்ற நிலை இனி நீண்ட நாள் நீடிக்க முடியாது.

பாக் நீரிணையில் இதன் விலை இன்னும் அதிகம். 2018-ம் ஆண்டு இலங்கை நாடாளுமன்றம் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்படும் தமிழகப் படகுகள் தொடர்பாக, உரிமையாளர் ஆவணங்களுடன் நேரில் ஆஜராக வேண்டும். இல்லையேல் படகு அரசுடைமையாகும் என ஊர்காவற்றுறை, மன்னார் நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வந்துள்ளன.

இங்கேதான் முத்திரைத்தாள் விற்பனை முற்றாகத் தோற்கிறது. பணம் கொடுத்து வாங்கியவரின் பெயர் பதிவுச் சான்றில் இல்லை. பெயர் உள்ளவரோ, 'நான் விற்றுவிட்டேனே' என ஒதுங்கி நிற்பார். அவர் கடல் கடந்து சென்று நீதிமன்றத்தில் நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. படகு போனாலும், அதன் மேல் வாங்கிய கடன் இந்தியக் கரையில் வட்டியுடன் வளர்ந்துகொண்டிருக்கும்.

2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் 105 இந்தியப் படகுகளை இலங்கை அரசு ஏலத்திற்குக் கொண்டுவந்தது. இலங்கையிலிருந்து மீட்க முடியாத 125 படகுகளுக்குத் தமிழக அரசு ரூ.5.66 கோடி நிவாரணம் அறிவித்தது. விசைப்படகுக்கு ரூ.5 லட்சம், நாட்டுப்படகுக்கு ரூ.1.50 லட்சம் என்பது அப்போதைய கணக்கு. இத்தகைய நிவாரணத்தைக் கோருவதற்கும் அடிப்படை பதிவேட்டில் உள்ள பெயரே என்பது குறிப்பிடத்தக்கது.

வங்கிக் கடனும் கடல் சட்டமும்

படகுக் கடனில் பொதுவாகப் படகு மீனவர் வசமே இருக்கும். அதன் மீதான உரிமைப் பிடி வங்கியிடம் இருக்கும். 'ஹைப்பாதிகேஷன்' என்று வங்கி ஆவணங்களில் எழுதப்படும் இந்த ஏற்பாட்டில், வங்கியின் அனுமதியின்றிப் படகை விற்பது கடன் ஒப்பந்தத்தை மீறும் செயலாகும். கடனை மறைத்து விற்றால் நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் ஆகிய குற்றச்சாட்டுகளுக்கும் ஆளாக நேரிடலாம்.

வாங்குபவருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. விற்கப்படும் பொருளின் மீது சொல்லப்படாத பிறர் கடன் எதுவும் இல்லை என்ற உறுதிமொழி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாக 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு கருதுகிறது. ஆனால், அந்த உறுதிமொழி மீறப்பட்டால் கிடைப்பது இழப்பீடு கோரும் உரிமை மட்டுமே. படகின் மேல் உள்ள வங்கியின் பிடி அதனால் தளராது.

வீட்டுக் கடன் தவறினால் வங்கி எடுக்கும் ஆயுதம், நீதிமன்றம் செல்லாமலே சொத்தைக் கையகப்படுத்த வழி செய்யும் 2002-ம் ஆண்டு 'சர்ஃபாசி' சட்டம். அதன் 31-வது பிரிவு, கப்பல், படகு உள்ளிட்ட கலங்களின் மீதான அடமானத்துக்கு அச்சட்டம் பொருந்தாது என விலக்கு அளிக்கிறது. எனவே படகுக் கடனை வசூலிக்க வங்கி நீதிமன்றத்தையோ, நிலுவை ரூ.20 லட்சத்துக்குக் குறையாதபோது கடன் மீட்புத் தீர்ப்பாயத்தையோ நாட வேண்டும். இது மீனவருக்கு நிம்மதி தருவதுபோல் தோன்றினாலும், மறுபக்கமும் உண்டு. எளிதில் கைப்பற்ற முடியாத சொத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வீட்டுப் பத்திரத்தையும் உறவினரின் ஜாமீனையும் கூடுதலாகக் கேட்கும். படகு கைமாறிய பின்னும் அந்த வீடும் உறவினரும் கடனுக்குக் கட்டுப்பட்டே இருப்பர்.

இந்த விலக்கினால் மற்றொரு சிக்கலும் எழுகிறது. சொத்துகளின் மீதுள்ள கடன்களை யாரும் சிறு கட்டணம் செலுத்திப் பார்ப்பதற்காக 2011-ல் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவகம் அமைக்கப்பட்டது. அது உருவானது சர்ஃபாசி சட்டத்தின் கீழ். அச்சட்டம் கலங்களை விலக்கி வைத்திருப்பதால், அங்கே தேடி எதுவும் கிடைக்காவிட்டால் படகின் மேல் கடனே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. நேரடியாக வங்கியையும் மீன்வளத் துறையையும் விசாரிப்பதே பாதுகாப்பானது.

ஏட்டில் ஏறாத கடன்கள்

வங்கிக் கடனுக்காவது காகிதம் உண்டு. படகைச் சுற்றி ஏட்டில் ஏறாத கடன்களும் இருக்கும். முதலாவது, படகில் வேலை செய்தவர்களின் கூலி.

2017-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் நீதிமன்ற அதிகார வரம்புச் சட்டம் இதில் மிகத் தெளிவாக உள்ளது. கலத்தில் பணியாற்றியவர்களின் ஊதியப் பாக்கி அந்தக் கலத்தையே பற்றி நிற்கும் உரிமை. உரிமையாளர் மாறினாலும், பதிவு மாறினாலும் அது அழியாது. பிற உரிமைகளுக்கு ஓராண்டுக் கெடு என்றால், ஊதியத்துக்கு இரண்டு ஆண்டுகள். கலத்தை விற்றுக் கிடைக்கும் பணத்தைப் பங்கிடும் வரிசையிலும் இந்த உரிமைகள் முதலில் வருகின்றன. பதிவு செய்யப்பட்ட அடமானம் அவற்றுக்கு அடுத்தே வருகிறது. வங்கிக்கு முன்னால் தொழிலாளி நிற்கிறார் என்பது இதன் பொருள்.

ஆகவே, புதிய உரிமையாளர் படகுடன் சேர்த்துப் பழைய கூலிப் பாக்கியையும் வாங்கியவராகிறார். சென்னை உயர் நீதிமன்றம் உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்களுக்கு, இத்தகைய கோரிக்கைகளுக்காகக் கலத்தையே தடுத்து வைக்க அதிகாரம் உண்டு.

இரண்டாவது, வியாபாரியின் முன்பணம். வலைக்கும் டீசலுக்கும் எஞ்சின் பழுதுக்கும் முன்பணம் கொடுத்து, பிடிபடும் மீனைத் தமக்கே தர வேண்டும் என்ற ஏற்பாடு தமிழகக் கரையில் பழையது. இதற்கு வட்டி எழுதப்படுவதில்லை. மீனின் விலையில் அது கழிந்துவிடும். படகு கைமாறிய மறுநாள், 'என் பணத்துக்கு இந்தப் படகு கட்டுப்பட்டது' என்று வியாபாரி துறைமுகத்தில் வந்து நிற்பார். நீதிமன்றத்தில் அந்த வாதம் நிற்குமா என்பது வேறு. கரையில் படகு நகராது என்பதே நடைமுறை.

மானியப் படகுக்குத் தனிக் கட்டு

அரசு மானியத்தில் வாங்கிய படகானால் மேலும் ஒரு கதவைத் தட்ட வேண்டும். பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, மீனவர்களை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் 2017-ல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள், ரூ.1,600 கோடி என்பது இலக்கு. ஒரு படகின் விலை ரூ.80 லட்சம். அதில் மத்திய அரசு ரூ.40 லட்சம், மாநில அரசு ரூ.16 லட்சம் மானியம்; ரூ.16 லட்சம் வங்கிக் கடன், மீதி ரூ.8 லட்சம் மீனவரின் பங்கு. இலக்கை எட்ட முடியாமல் போன இத்திட்டத்தில், மீனவரின் கைப்பணத்தைப் போல் இரு மடங்கு கடனும், ஏழு மடங்கு மானியமும் ஒரே படகில் கலந்துள்ளன.

இத்தகைய படகை அதன் உரிமையாளர் தாமாக விலைபேச முடியாது. வங்கியின் சம்மதத்துடன் மீன்வளத் துறையின் அனுமதியும் தேவை. பழைய இழுவைமடிப் படகை உடைக்க வேண்டும் அல்லது பாக் நீரிணைப் பகுதிக்கு வெளியே அகற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் இத்திட்டத்தில் இருந்தது. ஆகவே, இப்பகுதியிலிருந்து மலிவு விலைக்கு வரும் பழைய படகை வாங்குபவர், அது எந்த நிபந்தனையின் கீழ் விற்கப்படுகிறது என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் பெறுவது நல்லது.

விற்பனையைப் பாதுகாப்பாக முடிப்பது எப்படி?

கடன் பாக்கியுள்ள படகை விற்பது குற்றமல்ல. கடனை மறைப்பதும், கடன் கொடுத்தவரை ஒதுக்கிவிட்டு விற்பதுமே குற்றத்துக்கு இட்டுச் செல்பவை. பாதுகாப்பான விற்பனையின் சாரம் ஒன்றே: பணம் முதலில் கடன் கணக்குக்குச் செல்ல வேண்டும், அடுத்துப் பதிவேடு மாற வேண்டும், கடைசியாகவே படகு கைமாற வேண்டும். வழக்கத்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடப்பதுதான் எல்லாத் தொல்லைகளுக்கும் மூலம்.

எடுத்துக்காட்டாக, ஒரு படகின் விலை ரூ.30 லட்சம் என்றும், வங்கி நிலுவை ரூ.12 லட்சம் என்றும் கொள்வோம். விற்பவர் முதலில் வங்கியிடம், குறிப்பிட்ட தேதியில் அசல், வட்டி, பிற கட்டணம் எவ்வளவு, அதன் பின் ஒவ்வொரு நாளும் கூடும் வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் பெற வேண்டும். அந்தத் தொகையைச் செலுத்தினால் பிடியை விடுவிக்கச் சம்மதம் என்ற கடிதமும் தேவை. வாய்மொழிக் கணக்கை நம்பி விலை பேசினால், கடைசி நாளில் அபராத வட்டி புதிதாக முளைக்கும்.

அடுத்து, விற்பவர், வாங்குபவர், வங்கி ஆகிய மூவரும் அறிந்த ஓர் ஒப்பந்தம். அதில் படகின் பதிவு எண், எஞ்சின் எண், உடன் தரும் வலை, கருவிகள், கடன் கணக்கு விவரம் ஆகியவை இடம்பெற வேண்டும். முன்பணமாக ரூ.1 லட்சம். ரூ.12 லட்சத்தை வாங்குபவர் விற்பவரின் கையில் தராமல், அவரது கடன் கணக்கில் நேரடியாக வரைவோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலம் செலுத்துகிறார். வங்கி தடையில்லாச் சான்று வழங்கியதும் ரூ.15 லட்சம் விற்பவருக்கு. எஞ்சிய ரூ.2 லட்சம், பதிவில் பெயர் மாறிய பிறகே. இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் பேச்சு முறிந்தாலும் இருவருக்கும் இழப்பு குறைவு.

நிலுவை விலையைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தை விற்பவர் தம் பணத்திலிருந்து கட்டினாலொழிய வங்கி பிடியை விடாது. அந்த நிலையில் விலை பேசுவதற்கு முன்பே வங்கியுடன் பேசுவது அவசியம்.

கடன் தீர்ந்ததும் தடையில்லாச் சான்றுடன் பணி முடிவதில்லை. பதிவேட்டில் அடமானக் குறிப்பு இருந்தால் அதை நீக்க வேண்டும். கூடுதல் ஜாமீனாகக் கொடுத்த வீட்டுப் பத்திரத்தைத் திரும்பப் பெற வேண்டும். கடன் தீர்ந்த 30 நாள்களில் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.5,000 தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அந்த உத்தரவு தனிநபர் கடன்களுக்கானது. ஸ்கூட்டர் வாங்கிய கடனுக்குக் கிடைக்கும் இந்தக் கெடுவைத் தொழில் கடனாக எழுதப்படும் படகுக் கடனுக்கு எதிர்பார்க்க முடியாது. எனவே, ஆவணம் எந்த நாளில் திரும்பும் என்பதை வங்கியின் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்குவது நலம்.

'மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன்'

கரையில் அதிகம் கேட்கப்படும் வாக்கியம் இதுதான். படகைக் கொடுங்கள், மீதித் தவணையை மாதாமாதம் நான் கட்டிவிடுகிறேன் என்று வாங்குபவர் சொல்வார். இருவரும் உறவினராகவோ ஒரே ஊராராகவோ இருப்பர். மறுத்துப் பேசத் தயக்கம். முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்துடன் படகு போய்விடும்.

இந்த ஏற்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஒரு கடனாளிக்குப் பதிலாக மற்றொருவரை ஏற்பது கடன் கொடுத்தவரின் சம்மதத்துடன் மட்டுமே நடக்கும் என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை. வாங்கியவர் தவணை தவறினால் அறிவிப்பு வருவது விற்றவருக்கே. அவருக்கு ஜாமீன் போட்டவருக்கும் வரும். படகில் கால் வைக்காத ஒரு மைத்துனரின் வீடு, யாரோ பிடிக்காமல் விட்ட மீனுக்காக வழக்கில் சிக்கும்.

வாங்குபவரிடம் முழுத் தொகை இல்லை என்றால் நேர்வழி ஒன்று உண்டு. அவர் தம் பெயரில் அதே வங்கியிலோ வேறு வங்கியிலோ புதுக் கடன் பெற்று, அதிலிருந்து பழைய கடனைத் தீர்க்கலாம். அப்போது பழைய கடனாளியும் ஜாமீன்தாரரும் விடுவிக்கப்பட்டனர் என்ற கடிதம் தனியாக வேண்டும். இதை எழுத்தில் பெறாமல் துறைமுகத்தை விட்டு வருவது, கயிற்றை அவிழ்க்காமல் படகைத் தள்ளுவதற்குச் சமம்.

காப்பீட்டில் ஒரு கண்ணி

மோட்டார் வாகனம் கைமாறினால் அதன் காப்பீடும் புதிய உரிமையாளருக்கு மாறியதாகக் கருதப்படும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு. விபத்தில் பாதிக்கப்படும் மூன்றாம் நபரைக் காக்கும் ஏற்பாடு அது. படகுக்கு நிலைமை நேர்மாறானது. பொருளைக் கைமாற்றுவதாலேயே காப்பீட்டு உரிமை மாறிவிடாது. அதற்கென உடன்பாடு இருந்தால் மட்டுமே மாறும் என்று 1963-ம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டம் கூறுகிறது. முந்தைய உரிமையாளரின் பெயரில் உள்ள காப்பீட்டை நம்பிப் புயல் காலத்தில் கடலுக்குச் செல்பவர், காப்பீடே இல்லாமல் செல்கிறார் என்று பொருள்.

எனவே, பெயர் மாற்றத்தின் அதே நாளில் புதிய காப்பீடு தொடங்க வேண்டும். கடன் கொடுத்த வங்கியின் பெயர் பழைய காப்பீட்டில் இழப்பீடு பெறுபவராக எழுதப்பட்டிருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படும் காலம் இது. மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்வதும் இந்தக் காலத்தில்தான். படகு வாங்க இதைவிட ஏற்ற பருவம் இல்லை. நீருக்கடியில் மறையும் அடிப்பகுதியும் பெட்டியில் மறையும் காகிதங்களும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வருகின்றன.

பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் எஞ்சினில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வேலை செய்த ஓட்டுநரையும் தொழிலாளர்களையும் அழைத்து, பாக்கி ஏதுமில்லை என்ற கையெழுத்தை விற்பவர் முன்னிலையில் வாங்க வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி உண்டா என்பதை மீனவர் சங்கத்தில் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இலங்கைச் சிறைபிடிப்போ விதிமீறல் வழக்கோ படகின் மேல் உள்ளதா என்பதையும் மீன்வளத் துறையில் விசாரிக்க வேண்டும். விலை வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் முன்பணம் தரக் கூடாது.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள பணி

தமிழக எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இலங்கை வசம் உள்ள படகுகள் பற்றிக் கேள்வி எழுப்புகின்றனர். அந்தப் படகுகளுக்குப் பின்னால் உள்ள கடன்களைப் பற்றியும், கைமாறியும் பெயர் மாறாத பதிவுகளைப் பற்றியும் அதே அழுத்தத்துடன் பேசப்படுவது அரிது.

2025 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறிய புதிய வணிகக் கப்பல் சட்டம், 1958-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டது. எடையோ இயக்கும் முறையோ பாராமல் கலங்களைப் பதிவு வரம்புக்குள் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பழைய வண்டி வியாபாரிகளை ஒழுங்குபடுத்த மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் விதி வகுத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. வண்டி தம்மிடம் உள்ள காலத்தில் அதற்கான பொறுப்பை அங்கீகாரம் பெற்ற வியாபாரியே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். வண்டிக்கு முடிந்தது படகுக்கு முடியாததல்ல.

கேட்கப்படுவது பெரிய சலுகையும் அல்ல. படகின் பதிவு எண்ணை இட்டால் அதன் மேல் உள்ள கடன் எவருக்கும் தெரிய வேண்டும். கடன் தீர்ந்ததை வங்கியும் உரிமையாளரும் ஒரே படிவத்தில் கையெழுத்திட்டு அறிவிக்க வேண்டும். ஆவணங்களைத் திருப்பித் தரும் 30 நாள் கெடு சிறு மீனவரின் தொழில் கடனுக்கும் விரிய வேண்டும். சட்டப் புத்தகத்தில் சில வரிகள். 'ரியல்கிராஃப்ட்' தளத்தில் ஒரு கூடுதல் பக்கம். இவ்வளவே தேவை.

அதுவரை, மீனவருக்கு உள்ள காப்பு அவரது கையிலேயே இருக்கிறது. கரோல் பாக் தெருவில் பழைய ஸ்கூட்டர் வாங்க வருபவர், வண்டியை ஓட்டிப் பார்ப்பதுடன் பதிவுச் சான்றைத் திருப்பி, கடன் கொடுத்தவர் பெயர் உள்ளதா என்றும் பார்க்கிறார். அதைவிடப் பலமடங்கு விலையுள்ள படகை, கடலுக்குள் அனுப்பப் போகும் சொத்தை, வாங்குபவரும் விற்பவரும் அதே கண்ணுடன் பார்த்தால் போதும். வங்கியின் கடிதம் கையில் இல்லாமல், பதிவேட்டில் பெயர் மாறாமல், படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.